ஆடு நிற்கும்போதே டாக்டரைப் பாருங்கள்

எங்கள் பக்கம், அதாவது மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில், வீட்டுக்கு நாலு ஆடாவது இருக்கும். பசுமாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அதே ஆள், ஆடு என்றால் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்பார். மூன்றாம் நாள் கறிக்கடைக்காரருக்குப் போன் போகும். வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஆடு என்றால் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்வோம். ஆடு மலிவாக இருந்த காலத்துக் கணக்கு அது. இன்றைக்கு ஈன்ற பெட்டை ஆடு ஒன்று என்ன விலை என்று சந்தையில் கேட்டுப் பார்த்தால் அந்தக் கணக்கு எவ்வளவு பழசு என்று தெரியும்.

நானும் அப்படி இருந்தவன்தான். ஒரு ஐப்பசியில் சந்தையிலிருந்து மூன்று ஆடு வாங்கிவந்து நேராகப் பட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் அதில் ஒன்றுக்கு மூக்கில் சளி, கண்ணில் பீளை. அடுத்து வாய்க்குள் புண், நாற்றமெடுத்த கழிச்சல். மெடிக்கலில் மனுஷ மாத்திரை வாங்கிப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன், வேறு என்ன தெரியும். பத்து நாளில் பதினேழில் பதினொன்று போய்விட்டது. கடைசியில் வந்து பார்த்த டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "இதுக்கு ஊசி போட்டீங்களா?" போடவில்லை. அந்த ஊசி இலவசம் என்பதும், நான் தினமும் பைக்கில் தாண்டிப் போகிற கட்டடத்தில்தான் அது கிடைக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வந்தது ஆட்டுக்கொல்லி நோய். நோய் வந்த பிறகு டாக்டரால் செய்ய முடிவது கொஞ்சம், வருவதற்கு முன்னால் செய்ய முடிவது நிறைய. அதனால்தான் ஆடு படுத்த பிறகு டாக்டரைத் தேடாதீர்கள், நிற்கும்போதே போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே போவது

கிராமத்துக்குப் பக்கத்தில் கால்நடை கிளை நிலையம் இருக்கலாம். அங்கே கால்நடை ஆய்வாளர் இருப்பார், டாக்டர் இருக்க மாட்டார். முதலுதவி, தடுப்பூசி, குடற்புழு மருந்து இவற்றுக்கு அது போதும். நோய் என்று சந்தேகம் வந்தால் கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும். அங்கே போர்டில் 'கால்நடை உதவி மருத்துவர்' என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இவர் உதவியாளர்தான், பெரிய டாக்டர் வேறு எங்கோ இருக்கிறார் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அது பதவியின் பெயர், அவ்வளவுதான். அவர் கால்நடை மருத்துவப் பட்டம் படித்து முடித்த முழு டாக்டர்.

ஆபரேஷன், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று போனால் நகரத்துக் கால்நடை மருத்துவமனை. டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு வசதி ஒரத்தநாட்டில் இருக்கிறது. 2012-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து சிகிச்சையகமும் நடக்கிறது. குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது, கால் முறிந்தது மாதிரி விஷயங்களுக்கு உங்கள் டாக்டர் "ஒரத்தநாடு கொண்டு போங்க" என்றால், கை கழுவிவிட்டார் என்று நினைக்காமல் உடனே லோடு ஆட்டோ பிடியுங்கள். மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், கொஞ்சம் நேரமாகும். ஆனால் நாலு பேர் சேர்ந்து பார்க்கிற வைத்தியம்.

அப்புறம் 1962. ஆட்களுக்கு 108 மாதிரி கால்நடைக்கு இந்த எண், கட்டணம் கிடையாது. வண்டியிலேயே டாக்டரும் மருந்தும் வரும். ஆனால் 108 வருகிற வேகத்தில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த வண்டிக்கு எந்த நாள் எந்தக் கிராமம் என்று ஒரு சுற்று இருக்கும், அதோடுதான் அவசர அழைப்பும். சாயங்காலம் கூப்பிட்டு வரவில்லையே என்று திட்டுவதைவிட, காலையில் ஆட்டை அவிழ்க்கும்போதே ஒரு கண் பார்த்து, மந்தமாக நிற்கிறது என்றால் அப்போதே கூப்பிடுங்கள். உங்கள் ஊருக்கு அந்த வண்டி எந்த நாள் வருகிறது என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால் பாதி அவசரம் அவசரமாகவே இருக்காது.

மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தையும் நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தடவை மத்தியான வெயிலில் சினை ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு மருந்தகத்துக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஒருத்தர் எத்தனை ஊரைப் பார்ப்பார். கிளம்பும் முன் ஒரு போன் போட்டிருந்தால் ஆட்டுக்கும் எனக்கும் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

போனில் என்ன சொல்வது

"சார், ஆடு ஒரு மாதிரி இருக்கு" என்றால் எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது. வயது, சினையா, எத்தனை நாளாக, தீனி எடுக்கிறதா, அசை போடுகிறதா, கழிச்சலா கெட்டிப் புழுக்கையா, பட்டியில் மற்ற ஆடுகள் எப்படி, புதிதாக ஏதாவது ஆடு வந்ததா, கடைசியாக ஊசியும் பூச்சி மருந்தும் எப்போது போட்டது, இதற்குள் நீங்களாக என்ன மருந்து கொடுத்தீர்கள். கடைசிக் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். திட்டு விழும், பரவாயில்லை. நீங்கள் கொடுத்ததையே அவரும் இன்னொரு தடவை போட்டுவிட்டால் ஆட்டுக்குத்தான் ஆபத்து.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி ஆட்டுக்கென்றே வையுங்கள். நுனியில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துச் சத்தம் வரும் வரை பிடித்தால் போதும். சாதாரணமாக 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். நமக்கு அது காய்ச்சல், ஆட்டுக்கு அதுதான் உடம்புச் சூடு. 104-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம், வெயிலில் மேய்ந்து வந்தவுடன் பார்க்காதீர்கள். அதைவிட என்னைப் பயப்படுத்துவது 100-க்குக் கீழே இறங்கினால்தான். அது உயிர் அடங்குகிற சூடு.

இன்னொன்று, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் சரி. வெளுத்து வெள்ளையாகிவிட்டது, கூடவே தாடைக்கு அடியில் பை மாதிரி நீர் கோத்துத் தொங்குகிறது என்றால் பெரும்பாலும் வயிற்றுப் புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புவதோடு, புழுக்கையும் கொண்டு போங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்காமல் ஆசனவாயிலிருந்தே புதிதாக ஒரு கைப்பிடி எடுத்து, பிளாஸ்டிக் பையில் காற்று இல்லாமல் கட்டி, எந்த ஆடு என்று எழுதி, அன்றைக்கே கொடுக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் முட்டையைப் பார்த்தால் எந்தப் புழு என்று தெரிந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்றால், டெல்டா என்பது தண்ணீர் பூமி. வாய்க்கால், வயல், குட்டை என்று எங்கு பார்த்தாலும் நத்தை. ஈரலைத் தாக்குகிற தட்டைப்புழு அந்த நத்தைக்குள் வளர்ந்துதான் வரப்புப் புல்லில் ஏறுகிறது. நீங்கள் கடையில் கேட்டு வாங்குகிற சாதாரண பூச்சி மருந்து உருண்டைப்புழுவைக் கொல்லும், ஈரலில் வளர்ந்துகொண்டிருக்கிற இளம் தட்டைப்புழுவைத் தொடாது. ஆறு மாதமாக விடாமல் மருந்து கொடுத்தும் ஆடு தேறவில்லை என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் குறைந்த அளவில் கொடுத்தால் புழுவுக்கு அது பழகியும் போய்விடும்.

மருந்தின் அளவு ஆட்டின் எடையை வைத்துத்தான். தராசு இல்லாவிட்டால் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் எத்தனை அங்குலம் என்று எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் இருபத்தி நாலரை கிலோ. கண்ணால் பார்த்து "ஒரு பதினைந்து இருக்கும்" என்று நான் சொன்ன ஆடு அது. மருந்து ஊற்றும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள், மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் புழுவால் சாகாத ஆடு மருந்தால் செத்துப்போகும். சினை ஆடு என்றால் கட்டாயம் சொல்லி வாங்குங்கள், சில மருந்துகள் ஆரம்பச் சினைக்கு ஆகாது.

நம் ஊர்ப் பருவத்துக்கு ஏற்ற ஊசி

புத்தகத்தில் மாதம் போட்டிருக்கும், ஆனால் நம் ஆடு மேய்வது தண்ணீர் வரத்தைப் பொறுத்து. வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை நட்டுவிட்டால் ஆட்டை அவிழ்த்துவிட முடியாது, வயலில் வாய் வைத்தால் ஊர்ச்சண்டை. கட்டிப் போட்டுப் பூவரசு, கிளுவை, ஒதியன் என்று தழை ஒடித்துப் போடுவோம். சம்பா அறுத்த பிறகு தை, மாசியில்தான் அவிழ்த்துவிட்ட மேய்ச்சல். அதனால் ஆடு கட்டுத்தறியில் இருக்கும் மாதங்களிலேயே ஊசி வேலையை முடித்துவிடுவது புத்திசாலித்தனம், பிடிக்க ஓட வேண்டாம்.

ஆட்டுக்கொல்லிக்கு மூன்று, நாலு மாதம் ஆன குட்டியிலிருந்து போடலாம். ஒரு ஊசி மூன்று வருஷம் வரை தாங்கும். நம் நாட்டில் இந்தத் தடுப்பூசிக்குப் பயன்படும் வைரஸ் வகைகளில் ஒன்றின் பெயர் அரசூர்/87, நம் தமிழ்நாட்டு அரசூர்தான். 2030-க்குள் உலகத்திலிருந்தே இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று சர்வதேச அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. மாட்டு வெக்கை நோய் 2011-ல் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள், அதனால் நடக்காத காரியம் இல்லை.

இங்கே ஒரு தந்திரம். இந்த ஊசி மருந்து பொடியாக, குளிர்ச்சியில் இருக்கும். கரைத்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. ஒரு புட்டி என்பது 25, 50, 100 ஆட்டுக்கானது. நீங்கள் மூன்று ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் டாக்டர் "அப்புறம் வாங்க" என்று சொல்வதற்கு அதுதான் காரணம், அலட்சியம் இல்லை. தெருவில் இருக்கிற ஆடுகளைக் கணக்கெடுத்து, "சார், எங்க தெருவுல அறுபது இருக்கு, ஒரே இடத்துல கட்டி வைக்கிறோம்" என்று போன் போடுங்கள், அவரே வருவார். எங்கள் தெருவில் இதை என் அண்ணி செய்கிறார். மகளிர் குழுப் பெண்களுக்கு ஒரு மெசேஜ், காலை ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் அத்தனை ஆடும் நிற்கும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஊருக்குக் கால்நடை முகாம் வேண்டும் என்று கேட்கவும் மறக்காதீர்கள். எல்லாரும் ரோடும் லைட்டும் கேட்பார்கள், ஆட்டுக்காக யாரும் வாய் திறப்பதில்லை.

துள்ளுமாரி நோய்க்கு ஊசி மழைக்கு முன்னால். முதல் தடவை என்றால் இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அதற்குப் பிறகு வருஷம் ஒன்று. மழை பெய்து இளம்புல் முளைத்ததும், கொழுகொழு என்று இருக்கிற குட்டிதான் முதலில் துள்ளி விழுந்து சாகும். கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றுவார்கள், சுற்றட்டும், ஊசியும் போட்டுவிட்டுச் சுற்றட்டும். எந்த ஊசியானாலும் ஒன்றிரண்டு வாரம் முன்பு குடற்புழு நீக்கி, காய்ச்சல் இல்லாத ஆட்டுக்கு மட்டும்.

கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள், அதாவது ஊர் ஊராக மந்தை மேய்க்கிறவர்கள், செம்மறிக் கிடையோடு வருவார்கள். வயலுக்கு எரு, நல்ல விஷயம். ஆனால் நூற்றுக்கணக்கில் பல ஊர் நடந்து வந்த மந்தை அது. கிடை போட்ட வயலில் உங்கள் ஆட்டைக் கூடவே மேயவிடாதீர்கள். சமயபுரத்திலோ புதுக்கோட்டையிலோ சந்தையில் வாங்கி வந்த ஆட்டையும் 21 நாள் தனியாகக் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி. இடமில்லை என்றால் மாமியார் வீட்டில் கட்டுங்கள், மாமியார் ஆடு வளர்க்காதவராக இருந்தால்.

டாக்டர் வரும்வரை

அறுவடைக் காலத்தில் எங்கள் பகுதி மருந்தகங்களுக்கு அதிகம் வருகிற ஆடு நெல் தின்ற ஆடு. களத்தில் புகுந்து ஒரு வயிறு நெல், இல்லாவிட்டால் ரேஷன் அரிசி, கல்யாண வீட்டு மிச்சச் சோறு. வயிற்றுக்குள் புளித்து அமிலமாகிவிடும். சில மணி நேரத்தில் ஆடு பல்லைக் கடிக்கும், தள்ளாடும், இடது வயிற்றைத் தட்டினால் குடத்துத் தண்ணீர் மாதிரி குலுங்கும். தின்றதைக் கண்ணால் பார்த்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆடு நின்று விழுங்குகிற நிலையில் இருந்தால் கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றிவிட்டு, மேற்கொண்டு தீனி வைக்காமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். படுத்துவிட்டால் வாய்வழியாக எதுவும் வேண்டாம், டாக்டர் நரம்பு வழியாக டிரிப் ஏற்றினால்தான் உண்டு.

நாய்க்கடி இப்போது பெரிய தொல்லை. காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். கடித்த அன்றைக்கே ஒன்று, பிறகு 3, 7, 14, 28-ஆம் நாள் என்று வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். ஐந்தையும் முடியுங்கள். கடிபட்ட ஆடு சில வாரம் கழித்து எச்சில் ஒழுக, தொண்டை மாறிக் கத்தினால், ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடாதீர்கள். விட்டிருந்தால் நீங்கள் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அன்றைக்கே.

ஆட்டுக்குச் சினை 150 நாள். கிடாவோடு சேர்ந்த தேதியை எழுதி வைத்திருந்தால் எந்த வாரம் ஊரை விட்டு நகரக் கூடாது என்று தெரியும். பனிக்குடம் உடைந்து, முக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை என்றால் போன் போடுங்கள், கயிறு கட்டி இழுக்காதீர்கள். குறைமாதத்தில் வீசிய குட்டியை வெறும் கையால் தொடாதீர்கள், மனுஷருக்குப் பரவுகிற நோயாக இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு ஆடு வீசினால் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு டாக்டர் வருகிறார் என்றால் ஆட்டை மேயவிட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நிழலில் கட்டி, பிடிக்க ஒரு ஆள், ஒரு வாளித் தண்ணீர், சோப்பு. போட்ட மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். எத்தனை நாள் பாலைக் கறந்து குடிக்கக் கூடாது, எத்தனை நாள் கறிக்கு விற்கக் கூடாது என்றும் கேளுங்கள். அது நம் பிள்ளைகள் வயிற்றுக்குள் போகிற விஷயம். மூன்று நாள் ஊசி என்றால் முதல் நாளே எழுந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.

செத்துவிட்டால்

டாக்டருக்கு அப்போதும் வேலை இருக்கிறது. புதைத்துவிட்டுப் போய் நின்றால் அவரால் எதுவும் எழுதித் தர முடியாது. இன்சூரன்ஸ் செய்த ஆடு என்றால் காதில் மாட்டிய அடையாள வில்லையோடு போட்டோ எடுத்து, கம்பெனிக்கும் டாக்டருக்கும் உடனே சொல்லி, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கிய பிறகுதான் குழி. வில்லை கழன்று விழுந்திருந்தால் பணம் கிடைப்பது கஷ்டம், அதனால் உயிரோடு இருக்கும்போதே விழுந்த வில்லைக்குப் பதில் புதிது போட்டுப் பதிந்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்யச் சொல்வேன், மிச்ச ஆடுகளுக்கு என்ன வைத்தியம் என்று அந்த வயிற்றைத் திறந்தால்தான் தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில் திறக்கவே கூடாது. நேற்று வரை நன்றாக இருந்த ஆடு திடீரென்று விழுந்து, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுப்பு ரத்தம் வந்தால் அது அடைப்பானாக, அதாவது ஆந்த்ராக்ஸாக, இருக்கலாம். அறுக்காதீர்கள், உரிக்காதீர்கள், உயிர் போகும் முன் அறுத்துக் கறியாவது பார்ப்போம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். டாக்டருக்குச் சொல்லி, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

புயல், வெள்ளம் என்றால் வழி வேறு. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் எத்தனை பட்டிகள் காலியாயின என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நிவாரணத்துக்கு விஏஓவும் கால்நடை டாக்டரும் பார்த்து எழுத வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அரசு அறிவித்தது ஒரு ஆட்டுக்கு 4,000 ரூபாய். ஆடு இருந்தது என்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் யோசித்துப் பயனில்லை. நான் ஒவ்வொரு தை மாதமும் ஆடுகளை வரிசையாக நிற்கவைத்துக் காதுவில்லை தெரிய ஒரு வீடியோ எடுத்து மகள் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். ஊசி போட்ட தேதிகள் கொட்டில் கதவில் சாக்பீஸால் இருந்தன, ஒரு கார்த்திகை அடைமழையில் கதவோடு கரைந்துபோயின. இப்போது பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறோம்.